இருமல் கேட்காத காட்சி

2018 ஏப்ரல் முதல் வாரத்தில் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் புதுத் தமிழ்ப்படம் கிடையாது. டிஜிட்டல் திரையிடலுக்கு வாங்கும் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் மார்ச் 1 முதல் வெளியீட்டையே நிறுத்திவைத்திருந்தார்கள். சுவர்களில் பழைய போஸ்டர்கள் வெயிலில் வெளுத்துத் தொங்கின. வாரம் ஒரு படம் பார்த்தே பழகிப்போன சென்னைக்காரர்கள், எது ஓடுகிறதோ அதற்குள் நுழைந்தார்கள். ஏப்ரல் 6 அன்று வந்த 'எ க்வயட் ப்ளேஸ்' படத்துக்கு, ஆங்கிலப் படம் பார்க்கும் வழக்கமே இல்லாத ஒரு கூட்டம் அப்படித்தான் கிடைத்தது. அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கூட்டம்தான்.

என்னோடு வந்தவர் எங்கள் தெருவுக்கே ஆபரேட்டர் அண்ணன். வடசென்னைத் தியேட்டர் ஒன்றில் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்திலிருந்து, இனிமேல் ரீல் பெட்டி வராது என்று ஆகும்வரை கேபினில் இருந்தவர். இருபது நிமிடத்துக்கு ஒரு ரீல் என்று மாற்றி மாற்றி ஓட்டியதில், திரையின் வலது மேல்மூலையில் புள்ளி மின்னும் நேரம் அவர் உடம்பிலேயே ஊறியிருந்தது. வேலையை விட்டுப் பல வருஷம் கழித்தும், படம் பார்க்கும்போது அவர் கண் அந்த மூலைக்குப் போய்வரும். வார விடுமுறையில் மவுண்ட் ரோட்டுக்கு வந்து ப்ளூ டைமண்டில் உட்கார்ந்துவிடுவாராம். அங்கே தொடர் காட்சி. எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், நுழைந்த இடம் திரும்ப வந்ததும் எழுந்து போகலாம். சஃபையர், எமரால்டு, ப்ளூ டைமண்ட் மூன்றும் சேர்ந்த அந்த வளாகத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

கேபினில் இருக்கிறவனுக்குப் படம் தெரியாது, ஜனம்தான் தெரியும் என்பார். புரொஜெக்டர் சத்தத்துக்கு நடுவே, சுவர் துவாரத்தில் காதை வைத்தே படம் எத்தனை வாரம் தாங்கும் என்று சொல்லிவிடுவாராம். "விசில நம்பாத தம்பி. விசில் நடிகனுக்கு. படம் புடிக்கலேன்னா ஜனம் இருமும். அதைக் கேளு."

அன்றைக்கு விளக்கு அணைந்தபோது அரங்கில் வழக்கமான இரைச்சல் எல்லாம் இருந்தது. பின்வரிசையில் ஒருவர் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். பாப்கார்ன் பெட்டிகள், குளிர்பான உறிஞ்சுகுழல்கள், ஒரு குழந்தையின் சிணுங்கல். திரையில் ஆளரவமற்ற ஊர், சூறையாடப்பட்ட மருந்துக்கடை, வெறுங்காலோடு ஒரு குடும்பம். 89ஆம் நாள் என்று எழுத்து. பேச்சே இல்லை. நாலு வயதுப் பையன் ஒரு விண்வெளி ஓட பொம்மையை எடுக்கிறான். அப்பா பதறிப்போய் அதிலிருந்து பேட்டரியைக் கழற்றுகிறார். அக்காள்காரி இரக்கப்பட்டுப் பொம்மையை மட்டும் தம்பி கையில் கொடுத்துவிட்டு நகர்கிறாள். பையன் பேட்டரியையும் எடுத்துக்கொள்கிறான். கொஞ்ச நேரத்தில் பழைய இரும்புப் பாலத்தின் மேல் அந்தப் பொம்மை கத்துகிறது. அப்பா ஓடுகிறார். அவர் போய்ச் சேருவதற்குள் பையன் இல்லை.

அரங்கு அடங்கியது அந்த இடத்தில்தான். யாரும் யாரையும் 'உஷ்' என்று அதட்டவில்லை. எனக்கு முன்வரிசையில் ஒரு இளைஞன் மடியிலிருந்த பாப்கார்ன் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, காலுக்கு நடுவே தரையில் வைத்தான். அதை வைக்க அவன் எடுத்துக்கொண்ட நேரத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அட்டை தரையில் உரசும் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்று அவன் விரல்கள் தவித்தன. வழி சொல்லிக்கொண்டிருந்தவர் எப்போது நிறுத்தினார் என்றே தெரியவில்லை. முதல் தடவையாக எனக்கு அந்த அரங்கின் ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

அதன்பின் கதை 472ஆம் நாளுக்குத் தாவுகிறது. கண் தெரியாத, காது மட்டுமே கொண்ட மிருகங்கள் உலகை முடித்துவிட்டன. மிச்சமிருக்கும் இந்தக் குடும்பம் சோளக்கொல்லை நடுவே வாழ்கிறது. நடக்கும் பாதையெங்கும் மணல் கொட்டியிருக்கிறார்கள். பலகைத் தரையில் எங்கே மிதித்தால் முனகாது என்று பெயிண்டால் அடையாளம். தட்டுக்குப் பதில் இலையில் சாப்பாடு. அம்மா நிறைமாதக் கர்ப்பிணி. நிலவறைப் படியில் அவள் இழுக்கும் துணி மூட்டை ஒரு ஆணியில் மாட்டி, ஆணி நிமிர்ந்து நின்றுவிடுகிறது.

எங்கள் காட்சியில் அதற்குக் கொஞ்சம் பின்னால் இடைவேளை விட்டார்கள். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு எதற்கு இடைவேளை என்று மற்ற நாளில் எரிச்சல்பட்டிருப்பேன். அன்றைக்கு அது வேறு வேலை செய்தது. சமோசா வரிசையில் நின்ற அத்தனை பேர் மனதிலும் அந்த ஆணி. பேசினவர்கள்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். கழிப்பறைக் கதவை ஒருவர் தடாலென்று சாத்த, நடைக்கூடமே திரும்பிப் பார்த்தது.

அவள் அந்த ஆணியில் மிதித்தபோது கேட்ட மூச்சிழுப்பு திரையிலிருந்து வந்ததா, எங்களிடமிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரசவ வலி, காலில் ரத்தம், வீட்டுக்குள் மிருகம், கத்த முடியாத வாய். அம்மாவாக நடித்த எமிலி பிளன்ட் அந்தக் காட்சியை வெறும் கண்ணாலும் கழுத்து நரம்பாலும் கொண்டுபோனார். துணை நடிகைக்கான அமெரிக்க நடிகர் சங்க விருது அடுத்த வருஷம் அவருக்குக் கிடைத்தது. ஆஸ்கரில் படத்துக்கு வந்த ஒரே பரிந்துரை ஒலித் தொகுப்புக்கு. ஈதன் வான் டெர் ரின், எரிக் ஆடால் என்ற இருவர். மிருகத்தின் நாக்குச் சொடுக்கு போன்ற அந்தச் சத்தத்தை, திராட்சைப் பழத்தில் மின் அதிர்ச்சிக் கருவியை வைத்துப் பதிவு செய்தார்களாம். காது கேளாத மகளின் பக்கம் கதை போகும்போது நமக்கும் ஒரு மந்தமான ரீங்காரம்தான் கேட்கும். அவள் செவிக்கருவியை அணைத்துவிட்டால் அதுவும் போய், ஒலித்தடத்தில் எதுவுமே இருக்காது. மாமூலாக ஒரு படத்தில் அமைதியான காட்சி என்றாலும் காற்றோ பூச்சியோ ஏதோ ஒன்று மெலிதாக ஓடும். இங்கே அதையும் எடுத்துவிட்டார்கள். அந்த வினாடிகளில் அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துக் கேபின் பக்கம் திரும்பியவர், மறுபடி சத்தம் வந்ததும்தான் கையை எடுத்தார்.

அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. கையசைவுப் பேச்சுக்குத் திரையின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளை அவர் படிக்கவே இல்லை. ஆனாலும் ஒரு இடம்கூட அவருக்கு விட்டுப்போகவில்லை. மகளாக நடித்த மில்லிசென்ட் சிமண்ட்ஸுக்கு நிஜமாகவே காது கேட்காது. கேட்காத பெண்ணைத்தான் நடிக்க வைக்க வேண்டும் என்று இயக்குநர் ஜான் கிராசின்ஸ்கி பிடிவாதமாக இருந்தார். மற்றவர்கள் அமெரிக்கச் சைகை மொழியைக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் கை மற்ற எல்லோருடைய கையையும்விட வேகமாக, கோபமாகப் பேசும். தம்பி சாவுக்குத் தான்தான் காரணம், அப்பாவுக்குத் தன்மேல் பாசமில்லை என்று மருகும் பிள்ளை அவள். கடைசியில் அப்பா தூரத்தில் நின்று, உன்மேல் எப்போதும் பாசம்தான் என்று கையால் சொல்லிவிட்டு, மிருகத்தைத் தன் பக்கம் இழுக்க வாய்விட்டு அலறுகிறார். மிருகத்துக்குக் கேட்டுவிடுமே என்று படம் முழுக்க அடக்கிவைத்த குரல் அது. எங்கள் அரங்கில் பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. முன்வரிசை இளைஞன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

மார்ச் 9 அன்று டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் விழாவொன்றில் முதலில் திரையிட்டபோதே கூட்டம் கொண்டாடியது என்று படித்தேன். அமெரிக்காவில் முதல் வாரக் கடைசியில் மட்டும் 5 கோடி டாலர். செலவோ சுமார் 2 கோடிதான். உலகம் முழுக்கச் சேர்த்து 34 கோடியைத் தொட்டது. பாப்கார்னை மெல்லவே பயமாக இருந்தது என்று ஊருக்கு ஊர் ஆட்கள் எழுதினார்கள். அதைப் படித்தபோது அந்த இளைஞனின் விரல்கள் ஞாபகம் வந்தன. ஸ்காட் பெக், பிரையன் வுட்ஸ் என்ற ஐயோவாக்காரர்கள் இருவர் எழுதிய மூலக்கதை அது. கல்லூரி நாளில் மௌனப் படங்களை நிறையப் பார்த்தவர்கள். அவர்கள் ஊரிலும் சோளக்கொல்லைதான்.

எதிர்த்தவர்களும் உண்டு. 'நியூயார்க்கர்' இதழில் ரிச்சர்ட் பிராடி, படத்தின் அடியில் ஓடும் அரசியல் பிற்போக்கானது என்று கடுமையாக எழுதினார். துப்பாக்கியோடு தன் நிலத்தைக் காக்கும் வெள்ளைக் குடும்பம் என்ற கோணம் அது. துப்பாக்கியோடு முடியும் கடைசிக் காட்சியை நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்கும் படுகிறது. ஆனால் அந்த ஒரு காட்சியை வைத்து மீதியைத் தள்ளிவிட என்னால் முடியாது. இரண்டாவது பெண் பிறந்த கொஞ்ச நாளில் இந்தக் கதையைப் படித்த கிராசின்ஸ்கி, பெற்றவர்களின் பயத்தைத்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் அரங்கு அழுததும் அதற்குத்தான்.

ஏப்ரல் 20 அன்று, தயாரிப்பாளர்களின் வேலைநிறுத்தம் முடிந்து முதலில் வந்த தமிழ்நாட்டுப் படம் கார்த்திக் சுப்புராஜின் 'மெர்குரி'. அதுவும் பேச்சில்லாத படம், அதிலும் காது கேளாத பிள்ளைகள். இரண்டும் ஒரே மாதத்தில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததை அண்ணன் பெரிய அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாகத்துக்கு 2020 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் முதல் காட்சி நடந்தது. 20ஆம் தேதி எல்லோருக்கும் வர வேண்டியது. நடுவில் கொரோனா. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள், சேர்ந்து உட்கார முடிகிறவரை வெளியிட மாட்டேன் என்று கிராசின்ஸ்கி அறிவித்தார். அந்த வார்த்தைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. 2021 மே 28 அன்று அமெரிக்கத் தியேட்டர்கள் அந்தப் படத்தோடு நிமிர்ந்தன. இங்கே இரண்டாம் அலை. ஏப்ரல் 26 அன்று மூடிய தியேட்டர்கள் ஆகஸ்ட் 23 வரை திறக்கவில்லை.

அதற்குள் அண்ணனும் இல்லை.

இரண்டாம் பாகத்தை நான் பிற்பாடு வீட்டில் மடிக்கணினியில் பார்த்தேன். நன்றாக எடுத்த படம்தான். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது, காலிங் பெல் அடித்தது, நான் படத்தை நிறுத்திவிட்டுப் போய்வந்தேன். நிறுத்தி வைக்க முடிகிற மிருகத்திடம் என்ன பயம்? 2024இல் மூன்றாவது படத்துக்கு மல்டிபிளெக்ஸ் போனேன். வரிசைக்கு இரண்டு போன் வெளிச்சம். நெஞ்சு கனத்தது. முன்பின் தெரியாதவர்கள் ஒரு நாலு வயதுப் பையனுக்காகத் தாங்களாகவே மூச்சைப் பிடித்துக்கொண்ட அந்தச் சாயங்காலம், எனக்குத் தெரிந்து திரும்ப வரவில்லை.

அன்றைக்குப் படம் விட்டதும் தியேட்டருக்கு எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றோம். இந்தக் கூட்டம் ஒரு தடவைகூட இருமவில்லை, கவனித்தாயா என்று அண்ணன் கேட்டார். கேபினில் இருந்திருந்தால் மெஷின் ஓடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டிருப்பேன் என்றார். அப்புறம் அருவி விஷயம் வந்தது. படத்தில் அப்பாவும் மூத்த மகனும் அருவிக்குப் பக்கத்தில் போய் நின்று வாய்விட்டுக் கத்துவார்கள். தண்ணீர் இரைச்சலில் மிருகத்துக்குக் கேட்காது. அப்படியானால் அருவிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கலாமே என்று படம் போன ஊரெல்லாம் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

"அங்க குடியிருந்தா அது வர்ற சத்தம் உனக்கும் கேக்காதே தம்பி. புள்ள அழுவுறதும் கேக்காது. மெஷின் பக்கத்துலயே கெடந்தவன் சொல்றேன், வெளிய என்ன நடக்குதுன்னு தெரியாம ஒரு நாள் இருக்க முடியாது" என்றார். டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஆனா அந்த ஆணிய ஒருத்தராவது புடுங்கியிருக்கலாம். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல" என்று நிஜமான கோபத்தோடு சொன்னார். அடுத்து வந்த வாரங்களிலும் அந்தக் கோபம் அவருக்குத் தணியவில்லை.