இரண்டாம் ஆல்பத்தின் கிட்டார்

ஹார்ட் ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் இருப்பவை பெரும்பாலும் பல வருஷம் மேடையில் வாசித்துப் பதம் பார்த்த பாட்டுகள். எங்கே கூட்டம் எழும், எங்கே தொய்யும் என்பது முன்பே தெரியும். இரண்டாவது ஆல்பத்துக்கு வரும்போது அந்தக் கையிருப்பு தீர்ந்திருக்கும். குழுவுக்குச் சொந்தக் காது இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியவரும்.

புதுக்கோட்டைப் பக்கத்து அரிமளத்தில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்து கிட்டார் பிடித்த எனக்கு இதைப் புரியவைத்தது, கொச்சிக் குழுவான மதர்ஜேன் 2008இல் வெளியிட்ட ‘மக்தூப்’. முதல் ஆல்பமான ‘இன்சேன் பயோகிராஃபி’ வந்து பல ஆண்டுகள் பொறுத்துத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அதில் பைஜு தர்மஜன் வாசித்த கிட்டாரில், சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் மேலே ஒட்டிய அலங்காரமல்ல. பாட்டே அதிலிருந்துதான் கிளம்புகிறது.

இது எப்படிச் சாத்தியம் என்றால், ஹார்ட் ராக்கின் அடித்தளமே நமக்குச் சாதகமாக இருக்கிறது. டிஸ்டார்ஷன் ஏற்றிய கிட்டாரில் காந்தாரம் சேர்த்த முழு கார்டை அடித்தால் ஒலி கலங்கிப்போகும். அதனால்தான் ராக்கர்கள் பவர் கார்டை நம்புகிறார்கள். அதில் இருப்பது சட்ஜமும் பஞ்சமமும் மட்டும். நம் தம்புராவும் அதைத்தான் மீட்டுகிறது. காந்தாரம் காலியாக இருப்பதால் மேலே கரகரப்பிரியாவும் வாசிக்கலாம், சங்கராபரணமும் வாசிக்கலாம்.

வாசிப்பதில்தான் உழைப்பு. கரகரப்பிரியாவின் காந்தாரத்தை அதற்குரிய ஃப்ரெட்டில் நேராக அழுத்தினால் ராகம் பிறக்காது. ரிஷபத்தில் விரலை ஊன்றி, கம்பியை மத்திமம் வரை தள்ளி ஆட்ட வேண்டும். இறங்கும்போது முதலில் சத்தமில்லாமல் வளைத்துக்கொண்டு, பிறகு மீட்டி, மெல்லத் தளர்த்த வேண்டும். நான் மெல்லிய கம்பி போட்டு, சுருதியை அரைச் சுரம் இறக்கிக்கொள்வேன், விரல் தாங்கும். டிஸ்டார்ஷன் நாதத்தை நீட்டித் தருவதால் ஒரே மீட்டில் நாலைந்து அசைவு கிடைக்கும். சாதா கிட்டாரில் அதற்குள் ஒலி அடங்கிவிடும்.

டிரம்ஸிலும் இப்படித்தான். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையும் அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் புதுக்கோட்டைக்காரர்கள். அவர்களுடைய தாளக் கணக்கு எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. கிட்டார் நாலு நாலாகப் போக, கிக் டிரம் ‘தகிட தகதிமி’ என்று ஏழு ஏழாக நடக்கட்டும். 28 மாத்திரை கழிந்து இரண்டும் சேர்ந்து சமத்தில் விழும்போது உடம்பே அதிரும்.

கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் பழைய ரிஃபையே வைத்துக்கொண்டு, மேலே ஒரு வயலினையும் மிருதங்கத்தையும் ஏற்றி ‘ஃப்யூஷன்’ என்று பெயர் சூட்டுவதை நான் வளர்ச்சியாகக் கருதவில்லை. ரிஃபே மாற வேண்டும்.

இரண்டாம் ஆல்பத்துக்கு ஆயத்தமாகும் தம்பிகளே, ஸ்டுடியோவுக்கு முன்பணம் கட்ட அவசரப்படாதீர்கள். புதுப் பாட்டுகளை உள்ளூர் மைக் செட்டில், ராக் கேட்டே பழகாதவர்கள் முன்னால் வாசியுங்கள். அவர்கள் தலை எந்த இடத்தில் ஆடுகிறதோ, அந்த இடத்தைப் பதிவில் விட்டுவிடாதீர்கள்.