மூன்று பிரதி

உறுதி எழுதுகிற தொழிலில் எழுத்து கால்வாசிதான், மிச்சமெல்லாம் ஆளை அறிகிறது என்பார் பெரியப்பா. அவர் பிரசித்த நொத்தாரிசு. உரும்பிராயில் வீட்டு முன்விறாந்தைதான் கந்தோர். வருகிறவரை வாங்கில் இருத்தி, "நீர் ஆற்றை மோன்? எந்தக் குறிச்சி? தாய் எவடம்?" என்று தொடங்குவார். வம்பளக்கிறார் என்று பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். அது சட்டம் என்று பிறகுதான் தெரிந்தது. உறுதி முடிக்கிற ஆள் நொத்தாரிசுக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும்; இல்லையென்றால் சாட்சிகள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அந்தச் சாட்சிகள் நல்ல பேருள்ளவர்களா என்பதையும் நொத்தாரிசு விசாரித்திருக்க வேண்டும். 1907ஆம் ஆண்டு நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் சொல்வது அது.

ஆள் சரியென்றால் பிறகு காணி. இத்தனை பரப்பு, கிழக்கே இன்னார், வடக்கே ஒழுங்கை என்று நாலு எல்லையும் ஓடி, வான்பயிர் தான்பயிர் எல்லாம் சொல்லிக் கிணற்றடிக்கு வந்ததும் பெரியப்பாவின் பேனா நின்றுவிடும். ஆறில்லாத ஊர். புகையிலையும் வெங்காயமும் கிணற்றை நம்பித்தான். ஒரு கிணற்றுக்கு நாலைந்து பங்குக்காரர். பங்கு எத்தனையில் எத்தனை, தண்ணீர் போகிற வாய்க்கால் எது, நடந்து போகிற வழி எது என்று ஒரு வரி எழுதாமல் விட்டால் அண்ணனும் தம்பியும் கோட்டில் நிற்பார்கள், அவர்களுக்குப் பிறகு அவர்களின் பிள்ளைகள் நிற்பார்கள்.

சீதன உறுதிகள் கலியாண நாள் நெருங்க நெருங்க வரும். காணி பெண்ணின் பேரில்தான். ஆனால் பிறகு அவள் அதை விற்கப் போனால் புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் அது. கொடுத்த கையாலேயே பாதியைப் பறிக்கிற இந்த ஏற்பாட்டில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. பெரியப்பாவுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

எந்த உறுதியும் மூன்று பிரதி. மூலம் காணிக்காரருக்கு, ஒன்று நொத்தாரிசின் பெட்டகத்துக்கு, மற்றது அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன்னம் காணிப் பதிவுக் கந்தோருக்கு. பத்தாம் திகதி பிறந்தால் அவரோடு ஒருவரும் கதைக்கக் கூடாது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது சனம் நகையையும் உறுதியையும் ஒரே பையில்தான் கொண்டுபோனது. பெட்டகத்தை யார் தூக்குவது? திரும்பி வரும்போது அது இல்லை. தங்கள் உறுதியையும் வழியில் தொலைத்தவர்களுக்கு மூன்றாவது பிரதிதான் கதி. நேரகாலத்துக்கு அனுப்பாத நொத்தாரிசுமாரின் ஆட்கள் பட்ட பாட்டை நான் கண்டிருக்கிறேன்.

இப்போது விற்கிறவர் கனடாவில், வாங்குகிறவர் லண்டனில், நடுவில் அற்றோனித் தத்துவத்தோடு ஒரு மருமகன். அடையாள அட்டை பேரைச் சொல்லும், இலக்கத்தைச் சொல்லும். ஆற்றை மோன் என்பதைச் சொல்லாது.

எழுபதுகளில் ஒருநாள் ஒருவர் வந்தார். தாய் படுக்கையில், நன்கொடை உறுதி அவர் பேருக்கு. "அம்மாவாலை வரேலாது ஐயா. தாங்கோ, நான் பெருவிரல் வைப்பிச்சுக்கொண்டு வாறன்." பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். "நான் காணாத விரலுக்கு நான் எப்பிடி அத்தாட்சி எழுதிறது?" முடிக்கிறவர், சாட்சி இருவர், நொத்தாரிசு எல்லாரும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் இருக்க வேண்டும், இலங்கையில் 1840இலிருந்து காணிக்கு அதுதான் விதி. சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் போனார். நானும் பின்னால்.

எழுத வாசிக்கத் தெரியாத மனுசி. ஆகவே முழுவதையும் வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். எல்லைகள் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. கிணற்றுக்கு வந்ததும் கையைத் தூக்கினா.

"அதிலை சின்னவளுக்கும் அரைப் பங்கு எண்டு போடு தம்பி."

மகனுக்கு முகம் கறுத்தது. பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. மூன்று பிரதியிலும் வரிக்கு மேலே அந்தச் சொற்களை எழுதி, எந்தப் பக்கத்தில், எந்த வரியில் எது சேர்க்கப்பட்டது என்பதை அத்தாட்சியில் குறிப்பதற்காக ஒரு துண்டில் பதிந்துகொண்டு, கிணற்றிலிருந்து திரும்ப வாசிக்கத் தொடங்கினார்.