வெள்ளைக்கு வழியில்லை

ஸ்நூக்கர் மேசையில் மொத்தம் 22 பந்துகள். குழிக்குள் தள்ளிப் புள்ளி சேர்ப்பதுதான் ஆட்டம் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று. அடுத்து சிவப்பைத்தான் அடிக்க வேண்டும் என்ற நிலையில், வெள்ளையை மெல்லத் தட்டிப் பழுப்புப் பந்தின் முதுகில் ஒட்டினாற்போல் நிறுத்திவிட்டு நகர்ந்துகொள்வார் கைதேர்ந்தவர். எதிராளி குனிந்து பார்ப்பார், சாக்கட்டியைத் தேய்ப்பார், மேசையைச் சுற்றி வருவார். சிவப்புக்கு நேர்வழி கிடையாது. குஷனில் மோதவிட்டுத் திருப்ப வேண்டும். தவறினால் குறைந்தது 4 புள்ளி தண்டம்.

இப்படி மறிப்பதற்கும் ஆங்கிலத்தில் ஸ்நூக்கர் என்றே பெயர். மேசையை விட்டு இறங்கிய அந்த வினைச்சொல் கடன், வழக்கு, அரசியல் என எல்லா இடத்திலும் புழங்குகிறது. பெரும்பாலும் செயப்பாட்டில்தான் வரும்: மாட்டிக்கொண்டவர்தானே புலம்புவார்!

சொல்லின் பிறப்பு இன்னும் வேடிக்கை. 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில், மழைக்காலப் பொழுதுபோக்காக, நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பழைய பில்லியர்ட்ஸ் ஆட்டமொன்றில் வண்ணப் பந்துகளைச் சேர்த்தார். (பின்னாளில் பிரதமரானவர் வேறொருவர்.) இங்கிலாந்தின் வுல்விச் ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனை ஸ்நூக்கர் என்று கேலி செய்வார்களாம். சுலபமான பந்தைக் கோட்டைவிட்ட சகாவை சேம்பர்லின் அப்படி அழைக்க, அவர் முகம் சுருங்கியதும், "இந்த ஆட்டத்துக்கு நாம் எல்லோருமே ஸ்நூக்கர்கள்தான்" என்று சமாதானம் சொன்னாராம். ஆட்டத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. 1938இல் அவரே பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் உள்ள கதை இது.

விதிகள் வரையறையானது நம் ஊட்டியில். சென்னை ராணுவத் தளபதி ஃப்ரெடரிக் ராபர்ட்ஸின் அலுவலர் குழுவில் சேம்பர்லின் இருந்தபோது, 1882 வாக்கில், ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் அவற்றை எழுதி மாட்டினார்கள். கற்றுக்குட்டியைக் குறித்த சொல், எதிராளியைத் திணறடிக்கும் கெட்டிக்காரத்தனத்துக்குப் பெயரானது இந்த ஆட்டத்தின் புண்ணியத்தில்தான்.

அமெரிக்கர்களோ இதை 'ஏமாற்றிவிட்டான்' என்ற பொருளில் வழங்குகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. எல்லாப் பந்தும் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று கிடக்க, இதில் ஏமாற்ற என்ன இருக்கிறது? அவர்கள் அதிகம் ஆடுவது பூல்; அதனால் இருக்கலாம்.