சொல்லின் மறுபாதி

ஆங்கிலத்தில் 'செரெண்டிபிட்டஸ்' என்றொரு பெயரடை உண்டு. தேடாமலே கைக்கு எட்டிய நற்பேற்றை அது குறிக்கும். தெல்தோட்டையில் ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு அச்சொல்லின்மீது தனிப் பற்று. அது நமது தீவின் பெயரிலிருந்து பிறந்தது.

அராபியர் இலங்கையைச் 'செரெண்டிப்' என்றனர். 'சிங்களத் தீவு' எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு அது என்பர். 1557இல் வெனிஸ் நகரில் செரெண்டிப் இளவரசர் மூவரின் கதை அச்சேறியது. வழியோரப் புல் ஒரு பக்கமே மேயப்பட்டிருந்ததையும், அடிச்சுவடு ஒன்று இழுபட்டிருந்ததையும் கண்டு, தாம் பாராத ஒட்டகத்தை ஒற்றைக் கண்ணது, நொண்டியது என்று அவர்கள் கூறுகின்றனர். அக்கதையை நினைந்தே ஹோரஸ் வால்போல் 1754 ஜனவரி 28இல் எழுதிய கடிதத்தில் 'செரெண்டிபிட்டி' என்ற பெயர்ச்சொல்லைப் படைத்தார். பெயரடை இருபதாம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்தது.

வால்போல் தற்செயலையும் கூரறிவையும் சேர்த்தே சொன்னார். காலப்போக்கில் கூரறிவு உதிர்ந்தது. அதிர்ஷ்டம் மட்டும் எஞ்சியது.

கோப்பி அழிந்தது, தேயிலை வாய்த்தது; அது இலங்கையின் அதிர்ஷ்டம் என்று கூறுவோர் உளர். உண்மை என்ன? தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். கோப்பியின் இலைநோய் இலங்கையில் காணப்பட்டது 1869இல். நோய்க்கு முன்னரே தேயிலை வேரூன்றிவிட்டது. பத்தொன்பது ஏக்கர் நிலம் அதிர்ஷ்டத்தால் பண்படுவதில்லை. டெய்லரின் பெயரை வரலாறு பொறித்து வைத்தது. மண்ணைக் கொத்திய தமிழ்த் தொழிலாளரின் பெயர்களை வைக்கவில்லை.

அவர்தம் வழித்தோன்றல்களுக்கு நேர்ந்ததும் தற்செயலன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 150,000 பேரின் கதியைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என ஒதுக்கியது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்க 2003இல்தான் சட்டம் வந்தது. தீவின் பெயரால் உலகுக்கு நற்பேற்றின் சொல் கிடைத்தது; தீவை உழைப்பால் வளர்த்தோருக்கு அத்தீவில் ஒரு முகவரி கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, இச்சொல்லை மாணவர்க்குக் கற்பிக்கையில் உதிர்ந்துபோன பாதியையும் சேர்த்துக் கற்பியுங்கள். இளவரசர்கள் ஒட்டகத்தின் சுவடுகளைப் படித்தனர். மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக இம்மலைகளுக்கு நடந்து வந்த மனிதரின் சுவடுகளைப் படிக்க வேண்டியவர்கள் நம் மாணவர்கள்.