ரொட்டிக்காரர் இருந்த இடம்

பிரான்சில் வெர்தன் நகருக்குச் சில கிலோமீட்டர் வடகிழக்கே ஃப்ளெரி என்றோர் ஊர் இருந்தது. முதல் உலகப் போருக்குச் சற்று முன் அங்கே 422 பேர் வாழ்ந்தார்கள். 1916 பிப்ரவரி 21 அன்று ஜெர்மானியப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியதும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். திரும்பி வர ஊர் மிஞ்சவில்லை. அந்தக் கோடையில் இரண்டே மாதத்தில் ஃப்ளெரி 16 முறை கைமாறியது. வீடுகள் கல்லாகச் சிதறி, கல்லும் பொடியாகி, எது தெரு எது வயல் என்றே தெரியாமல் போயிற்று.

வெர்தன் என்றால் எல்லோரும் எண்ணிக்கைதான் சொல்வார்கள். பத்து மாதப் போர், இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 3 லட்சம் உயிர்கள். பக்கத்துத் துவோமோன் நினைவு மண்டபத்தில் அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 வீரர்களின் எலும்புகள் இருக்கின்றன. மறக்கக் கூடாத கணக்குதான். ஆனால் என் மனம் நிற்பது ஃப்ளெரியின் சின்னஞ்சிறு அடையாளப் பலகைகளிடம். குண்டு விழுந்த பள்ளங்களைப் புல் மூடிக் கிடக்க, நடுவே அவை நிற்கின்றன. இங்கே ரொட்டிக்காரர் இருந்தார், இங்கே கொல்லர், இது பள்ளிக்கூடம், இது துணி துவைக்கும் துறை.

என் வயதில் துக்கம் கேட்கப் போவது அதிகமாகிவிட்டது. எந்த வீட்டிலும் கடைசி நாட்களின் பேச்சுதான்: எந்த ஆஸ்பத்திரி, எப்போது மூச்சு நின்றது. எழுபது வருஷம் வாழ்ந்த மனுஷி கடைசிப் பத்து நாளாகச் சுருங்கிவிடுகிறாள். அவள் வைத்த குழம்பை, போட்ட சண்டையை, வளர்த்த பிள்ளைகளை யார் பேசுவது? பிள்ளைகளே, அதைக் கேளுங்கள், கேட்டு வையுங்கள். ஃப்ளெரியின் பலகைகள் ஊர் செத்த கதையை விட்டு, வாழ்ந்த கதையைச் சொல்கின்றன. அதுதான் இறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று நான் நம்புகிறேன்.

வெடிக்காத குண்டுகள் மண்டிய அந்த மண்ணில் மறுபடி குடியேற வழியில்லை. 2013இல்கூட அங்கே 26 பிரெஞ்சு வீரர்களின் எலும்புகள் கிடைத்தன. ஆனாலும் பிரான்ஸ் அந்த ஊரின் பெயரை அழித்துவிடவில்லை. நாட்டுக்காக உயிர்விட்ட ஊர் என்று அறிவித்து, இன்றுவரை அதற்கு ஒரு மேயரை நியமித்து வருகிறது. குடியே இல்லாத ஊருக்கு மேயர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பலகைகளைப் பழுதுபார்க்க ஆள் வேண்டும். பூர்வீகம் தேடி வருகிற பேரப்பிள்ளைக்கு, உன் தாத்தன் வீடு இந்தப் பக்கம் என்று கைகாட்டவும் ஒருவர் வேண்டும்.