பெயர் இல்லாத 1043

2022 மார்ச் கடைசி. நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலம். பெட்ரோல் கியூவும் அப்பதான். நாங்கள் மூன்று பேர் மட்டக்களப்பில் ஒரு கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய அறை புளியந்தீவில், சின்னது கல்லடியில். இரண்டுக்கும் நடுவில் வாவி. வாவிக்கு மேலால் ஒரு வயர்லெஸ் லிங்க்.

எந்த மெஷினில் போய் இருந்தாலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அதற்காக நாங்கள் வைத்திருந்தது என்ஐஎஸ் என்ற பழைய யுனிக்ஸ் ஏற்பாடு. 1980களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் செய்தது. முதலில் வைத்த பெயர் ‘யெல்லோ பேஜஸ்’. பிரித்தானியாவில் அது பிரிட்டிஷ் டெலிகொம்மின் வணிகக்குறி என்பதால் பெயரை மாற்றவேண்டி வந்தது. ஆனால் கட்டளைகள் இன்னும் ‘வைபி’ என்றுதான் தொடங்கும்.

வேலை செய்யும் விதம் லேசு. எல்லாருடைய பெயரும் ஒரே ஒரு சர்வரில், சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும். அதைத் திருத்திவிட்டு ‘மேக்’ கொடுத்தால், மாறின கோப்பை மட்டும் எடுத்து, வேகமாகத் தேடக்கூடிய சின்ன டேட்டாபேஸாகக் கட்டும். இதற்கு ‘மேப்’ என்று பெயர். ஒரே பட்டியலை இரண்டு தரம் கட்டும்: பெயரைக் கொடுத்துத் தேட ஒன்று, இலக்கத்தைக் கொடுத்துத் தேட ஒன்று. மறுகா மற்ற சர்வர்களுக்குச் சொல்லிவிடும்: “புதுசு வந்திருக்கு, வந்து எடு.” அவை வந்து பிரதி எடுத்துக்கொள்ளும். புத்தகத்தில் இவற்றை மாஸ்டர், ஸ்லேவ் என்று எழுதியிருக்கும். அந்தச் சொல் எங்களுக்குப் பிடிக்கவில்லை. மூலம், பிரதி என்றே சொல்லுவோம். லிங்க் அடிக்கடி விழும் என்பதால் கல்லடியில் ஒரு பிரதி வைத்திருந்தோம்.

அன்று புதுப் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். ‘>>’ அடிக்க வேண்டிய இடத்தில் ‘>’. அவ்வளவுதான் பிழை. புதுப் பெயர்கள் பழைய பட்டியலுக்குக் கீழே சேராமல், பழையதை அழித்துவிட்டு உட்கார்ந்தன. நாங்கள் பார்க்கவில்லை. ‘மேக்’ கொடுத்தோம். ஒரு எரரும் வரவில்லை. கணினிக்கு அது நல்ல பட்டியல்தான், சின்னப் பட்டியல்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அக்கா வந்தா. அடுத்த நாள் புரொஜெக்ட் கொடுக்கவேண்டும். “தம்பி, என்ட பேர் இல்லையாம்.”

அவவின் கோப்புகள் அப்படியே இருந்தன. ஆனால் உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் 1043 என்று மட்டும் நின்றது. யுனிக்ஸ் கோப்போடு எழுதிவைப்பது இலக்கத்தைத்தான். பெயரை ஒவ்வொரு தரமும் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்லும். பட்டியல் போனால் ஆள் வெறும் இலக்கம். கடைசி பேக்கப் போன வருடத்தது. அதில் அந்த அக்கா இல்லை.

எங்களில் ஒருத்திக்குத்தான் யோசனை வந்தது: “கல்லடியில இப்ப கரண்ட் இல்ல. அந்த மெஷின் நிண்டுதானே கிடக்கும்?”

அணைந்திருந்த பிரதிக்கு எங்கள் பிழை போய்ச் சேரவில்லை. ஆனால் கரண்ட் வந்தால் மெஷின் தானாக எழும்பும். எழும்பினதும் ‘என்னிடம் இருப்பது பழசா’ என்று மூலத்தைக் கேட்டு, புதியதை இழுத்துவிடும். அப்படித்தான் நாங்களே அதைச் செட் பண்ணியிருந்தோம். கரண்ட் வர அரை மணித்தியாலம்கூட இல்லை. பெட்ரோல் இல்லை. இரண்டு சைக்கிளில் கல்லடிப் பாலத்தால் மிதித்தோம். போய் முதல் வேலையாக நெட்வொர்க் வயரைப் பிடுங்கினோம். மறுகாதான் மூச்சு வந்தது.

கரண்ட் வந்ததும் மேப்பைத் திரும்ப எழுத்தாக்கினோம். ‘மேக்டிபிஎம்’ கட்டளையே அதைக் கட்டும். ‘யு’ போட்டால் அதுவே பிரித்தும் தரும். எல்லாரும் இருந்தார்கள். 1043 அந்த அக்காதான். பென் டிரைவில் கொண்டுவந்து, புதுப் பெயர்களையும் சேர்த்து, திரும்பக் கட்டி அனுப்பினோம். அக்கா அன்று இரவே வேலையை முடித்தா.

வயரைப் பிடுங்கச் சொன்னவளின் அம்மம்மா நாவலடி. 2004 சுனாமிக்குப் பிறகு முகாமில் பெயர்ப் பட்டியல் எழுதி, அதைப் பார்த்து இன்னொன்று எழுதி, அதிலிருந்து வேறொன்று எழுதினார்களாம். நடுவில் ஒன்றில் அம்மம்மாவின் பெயர் விடுபட்டது. அதற்குப் பிறகு வந்த எல்லாப் பட்டியலிலும் அவ இல்லை. கையில் ஒரு டோக்கன் இலக்கம் மட்டும். கடைசியில் முதல் எழுதின கொப்பியைத் தேடிப் பிடித்துத்தான் பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள். சாகும்வரைக்கும் அவ எந்தப் பட்டியலையும் தன் விரலை வைத்துப் பார்க்காமல் விட்டதில்லை.

என்ஐஎஸ்ஸை இப்போது புதிதாக யாரும் வைப்பதில்லை. வைக்கவும் வேண்டாம்: நெட்வொர்க்குக்குள் நிற்கிற யாரும், மறைத்து எழுதிய கடவுச்சொற்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகலாம். நாங்களும் மறுகா எல்டாப்புக்கு மாறிவிட்டோம். அதுவும் ஒரு இடத்தில் திருத்தி எல்லா இடத்துக்கும் அனுப்புவதுதான். பிழையும் அதே வேகத்தில்தான் போகும்.

அதனால் இரண்டு பழக்கம் வைத்திருக்கிறோம். அனுப்பமுதல் பழைய பட்டியலையும் புதியதையும் எண்ணிப் பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்று. ஆட்கள் குறைந்தால் அது நிறுத்திவிடும். மற்றது, ஒருவர் திருத்தினால் இன்னொருவர் அந்த எண்ணிக்கையைச் சத்தமாக வாசிக்கவேண்டும். அதை வாசிக்கிறது அனேகமாக அவள்தான். திரையில் விரலை வைத்துத்தான் வாசிப்பாள்.