தேதி பார்க்காமல் போட்ட எண்ட்ரி

ஆடிட், கணக்கு முடிப்பு என்று ரெண்டு மாசமாய் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க முடியவில்லை. மன்னிக்கணும் மக்களே. இன்றைக்கு ஒரு பாட்டைப் பற்றி. கூடவே நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பற்றியும்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி. தூத்துக்குடியில் நான் ஸ்கூல் படிக்கும்போது, எங்க ரூட் பஸ் டேப்பில் தினமும் ஓடிய பாட்டு 'விழியிலே மணிவிழியில்'. மணிவண்ணன் இயக்கி 1984-ல் வந்த 'நூறாவது நாள்' படம். இளையராஜா இசை, எஸ்.பி.பி.யும் ஜானகியும் பாடியது. படம் கொலை, மர்மம் என்று பயமுறுத்தும். பாட்டு மட்டும் பஞ்சு மாதிரி. பி.காம். முடித்து, பேங்கில் சேர்ந்து, மைசூருக்கு மாற்றலாகி வந்த பிறகும் எனக்கு அது 'எங்க ஊர்ப் பாட்டு'தான்.

2023 செப்டம்பர். காவிரிப் பிரச்சினை சூடாக இருந்த நேரம். 29-ந் தேதி கர்நாடகா பந்த். அதற்கு ரெண்டு நாள் முன்னால் பிராஞ்சில் கூட்டமே இல்லை. ரிட்டயர்மெண்டுக்குச் சில மாசமே இருந்த எங்க அட்டெண்டர், வவுச்சர்களைக் கட்டிக்கொண்டே ஒரு மெட்டை முணுமுணுத்தார். அதே மெட்டு! வார்த்தை மட்டும் கன்னடம். என் வாய் சும்மா இருக்குமா? "தண்ணிதான் தரமாட்டீங்க, எங்க பாட்டையுமா எடுத்துக்கிட்டீங்க?" என்று அரைகுறைக் கன்னடத்தில் எடுத்துவிட்டேன். ஜோக்காம்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் முடிச்சைப் போட்டுவிட்டு, "அது நம்ம ஷங்கர் நாக் பாட்டு சார்" என்றார் மெதுவாக. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து தேடினேன். 'கீதா', கன்னடப் படம், 1981. ஷங்கர் நாக் இயக்கி நடித்தது. பாட்டு 'ஜொதெயலி'. 'கூடவே' என்று அர்த்தம். அதே இளையராஜா, அதே எஸ்.பி.பி., அதே ஜானகி. நம்ம பாட்டுக்கு மூணு வருஷம் மூத்தது! 2007-ல் 'சீனி கம்' இந்திப் படத்துக்காக ராஜாவே அந்த மெட்டைத் திரும்ப எடுத்து ஷ்ரேயா கோஷலைப் பாட வைத்தார். ஜானகியம்மா 2017 அக்டோபரில் மேடைக்கு விடை சொன்ன கச்சேரியும் இதே மைசூரில், மானசகங்கோத்ரியில்தான் நடந்தது.

தேதியைப் பார்க்காமல் எண்ட்ரி போட்டால் கணக்கு எப்படி டேலி ஆகும்?

ஷங்கர் நாக் யாரென்று தெரியாமலே, அவர் படம் ஒட்டிய ஆட்டோக்களில் நாலு வருஷம் போய்வந்திருக்கிறேன். தூர்தர்ஷனில் நாம் பார்த்த 'மால்குடி டேஸ்' அவர் எடுத்ததுதான். 1990 செப்டம்பர் 30-ல், 35 வயசில், கார் விபத்தில் போய்விட்டார். தேதியைப் பார்த்ததும் சுரீர் என்றது. நான் ஜோக்கடித்தது அவர் நினைவு நாள் வாரம். தங்கமணியிடம் சொன்னேன். "உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்றாள்.

சாரி சொல்லப் பலநாள் முயன்றேன். ஆபீசர் என்ற கெத்து விடவில்லை.

மறு வருஷம் அவர் ரிட்டயர்மெண்ட் விழா. எங்க பெண்ணுக்குத் தமிழைவிடக் கன்னடம் சரளம் என்று உங்களிடம் எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன்? அவளிடமே உட்கார்ந்து 'ஜொதெயலி' கற்றுக்கொண்டேன். விழாவில் ரெண்டு பேருமாய்ப் பாடினோம். என் சுருதி எங்கேயோ போனது. முடிந்ததும், "அன்றைக்கு நான் பேசியது தப்பு" என்று மைக்கிலேயே சொன்னேன்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இப்போ உங்க பாட்டைப் பாடுங்க சார்" என்றார்.

ஆரம்பித்தேன். சரணம் வந்தபோது தமிழ் வரிகள் மறந்துவிட்டன. முப்பது வருஷமாய் என் பாட்டு என்று நினைத்தது! திருதிருவென்று முழித்தேன். அவர் கன்னடத்தில் எடுத்துக்கொடுத்தார்.